ஏனையோர்

திருகோணமலை அரசாங்கக் கச்சேரியில் நான் எழுதுவினைஞனாக இருந்த அறுபதுகளில் எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் நாலைந்து தடவை வந்திருப்பார். கட்டையான மனிதர். கோபம் வந்தால் கத்தமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வைத் தலைப்பால் துடைப்பார்.

அன்று ஒரு காப்பிரிப் பெண்ணைக் கூட்டிவந்திருந்தார். அந்நியர் ஆட்சியில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவள். துறைமுகத்தை ஒட்டிய அவர்களுடைய குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் இல்லை.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். இனம் என்ற இடத்தில் வழக்கம்போல 'ஏனையோர்' என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

பக்கத்து மேசையிலிருந்து அதிகாரி சிரித்தார். "இவையின்ர வோட்டு ஒரு கைப்பிடி வராது. உங்களுக்கேன் ஐயா இந்தக் கரைச்சல்?"

"தண்ணி விடாய்க்கும் வோட்டு எண்ணுவியளோ?"

அன்றுதான் அவர் கத்தினார். மேசையில் அடித்த அடியில் மைக்கூடு கவிழ்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் இவவின்ர பேரைக் கேட்டனீரோ?"

கேட்கவில்லை. பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுத்தான் இனத்தை நிரப்பியிருந்தேன். அவருடைய கோபமெல்லாம் அதிகாரி மீதுதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.