சாதனை உடைந்த காலையில் குகன் காட்டிய குப்பி

இன்று காலை ஜெர்மனியின் பான் நகர ட்ராமில் என்னால் சும்மா நிற்கவே முடியவில்லை. பேஸ்பால் வரலாற்றிலேயே அதிக ஹோம் ரன் அடித்த சாதனையை அமெரிக்காவில் ஒரு வீரன் உடைத்துவிட்டான்!

எங்கள் கிளப்பில் பந்தெறியும் குகன் அடுத்த தரிப்பிடத்தில் ஏறினான்.

"மச்சான், உடைச்சுப்போட்டானடா!" என்று கத்தினேன்.

"அவன் ஊக்கமருந்து ஊசி போட்டு அடிச்சவன் எண்டெல்லோ சனம் கதைக்குது?"

வழக்கம்போலப் பாய்ந்தேன். "சனம் கதைக்கட்டும். சாதனைப் பட்டியலிலை ஆற்றை பேர்? அவன்ரை பேர்தான். ஒருத்தராலும் அழிக்க ஏலாது!"

குகன் சிரிக்கவில்லை. பையைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் துணியால் சுற்றி வைத்திருந்த மருந்துக் குப்பியைக் காட்டினான். இணையத்தில் வாங்கியதாம். மேலே ஒரு லேபிள்கூட இல்லை.

"சனிக்கிழமை மாநில அணிக்கு ஆள் எடுக்கினம். எனக்குத் தோளைத் தூக்கவே ஏலாமல் கிடக்கு. இவ்வளவு நாளும் யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். நீ சொன்னது சரியடா, கடைசியிலை பேர்தான் மிஞ்சும்."

"உனக்கென்ன விசரா? உடம்பு கெட்டுப்போகும்!"

"அவன் அடிக்கேக்கை கைதட்டினனிதானே? நான் எறியேக்கையும் தட்டு."

அவன் இறங்கிப் போய்விட்டான். பத்துத் தடவைக்கு மேல் அழைத்துவிட்டேன், எடுக்கவில்லை. எஸ்.எம்.எஸ்.க்கும் பதில் இல்லை.

நண்பர்களே, இந்த ஃபோரத்தில் இதே வாதத்தை வைத்து உங்கள் எல்லோருடைய வாயையும் அடைத்திருக்கிறேன். இன்றைக்கு யாராவது என்னைத் தோற்கடியுங்கள். சனிக்கிழமைக்குள் தோற்கடியுங்கள். அந்தப் பதிலை அப்படியே அவனுக்கு அனுப்ப வேண்டும்.