எட்டு ரூபாய்க்குத் தராத காசு

மூடியை நெம்பித் திறந்ததும் மூக்கில் சுரீரென்று ஏறுகிற அந்தப் பசை வாசனை, ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். தோலோடு தோலை ஒட்டுகிற அந்தப் பசையை எங்கள் ஆம்பூரில் "சொல்யூஷன்" என்பார்கள். காலியான சொல்யூஷன் டப்பாக்கள் எங்கள் லைன் வீடுகளில் செடி வைக்கவும், ஆணி போட்டு வைக்கவும், கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கவும் பயன்பட்டன. எங்கள் வீட்டில் ஒரு டப்பா மட்டும் பீரோவுக்கு அடியில் இருந்தது. அதற்குள் பத்து ரூபாய் நாணயங்கள் இருந்தன, வேறு எதுவும் இல்லை. டப்பாவை எத்தனை முறை கழுவிக் காயவைத்தாலும் அந்தக் காசுகளில் ஏறிய வாசனை போகவில்லை. இன்றைக்கும் புதுச் செருப்பு வாங்கக் கடைக்குள் நுழைந்தால் எனக்கு எங்காவது ஊர் சுற்றக் கிளம்ப வேண்டும் என்ற ஆசைதான் முதலில் வருகிறது, செருப்பு அப்புறம்தான்.

வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் பள்ளியில் படித்த அந்தச் சில வருடங்களில் வேலூர், ஆம்பூர், குடியாத்தம், ராணிப்பேட்டை என்று எங்கள் பக்கம் முழுக்கப் பத்து ரூபாய் நாணயம் செல்லாது. அரசாங்கம் அப்படிச் சொல்லவில்லை. செல்லும், செல்லும் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தது. ஊர்தான் கேட்கவில்லை. பத்துக் கோடு போட்டது நல்ல காசு, பதினைந்து கோடு போட்டது கள்ளக் காசு என்று யாரோ கிளப்பிவிட, கொஞ்ச நாள் எல்லாரும் காசை வெளிச்சத்தில் பிடித்துக் கோடு எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு எண்ணுகிற பொறுமையும் போய், எந்தக் கோடாக இருந்தாலும் வேண்டாம் என்றாகிவிட்டது. காய்கறிக்காரர் வாங்க மாட்டார், டவுன் பஸ்ஸில் வாங்க மாட்டார்கள். கோயில் வாசலில் பிச்சை கேட்டவர்கூட "வேணாம்மா, நீயே வச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு வீம்பு ஏறியது ஒரு டவுன் பஸ்ஸில். பேரணாம்பட்டு சாலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா நீட்டிய நாணயத்தைக் கண்டக்டர் தொடக்கூட இல்லை. நோட்டு இருந்தால் கொடு, இல்லாவிட்டால் இறங்கு என்றார். அம்மாவின் மணிபர்ஸில் நோட்டு இருந்தது எனக்குத் தெரியும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். உச்சி வெயிலில் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தபடி, நோட்டுதான் இருந்ததே என்று கேட்டேன்.

"இருந்துச்சு. அத எதுக்குக் குடுக்கணும்? இதுவும் காசுதான்" என்றார் அம்மா.

எனக்கு அப்போது அழுகை அழுகையாக வந்தது. கால் சுட்டது, கூடவே அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்ததும் சுட்டது. வீடு வந்ததும் அம்மா அந்த ஒற்றைக் காசை சொல்யூஷன் டப்பாவில் போட்டார். இது நிறைந்ததும் இந்தக் காசிலேயே நாம் மூன்று பேரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று அறிவித்தார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. பள்ளி திறக்கிற அன்றைக்கு "லீவுக்கு எங்கே போனீர்கள்" என்று டீச்சர் கேட்கும்போது மற்றவர்கள் ஏலகிரி, அமிர்தி என்று எழுந்து சொல்வார்கள், நான் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பேன். அதனால் அந்த டப்பா எனக்கு ஒரு வெறும் டப்பாவாக இருக்கவில்லை.

அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஆந்திரா பக்கமிருந்தும் பெங்களூர் பக்கமிருந்தும் வருகிறவர்கள் விவரம் தெரியாமல் அவரிடம் அந்தக் காசைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். அவர் திட்டிக்கொண்டே அம்மாவிடம் கொடுப்பார். அம்மா கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற தையல்காரர். அந்த வரிசையில் தைத்த பெண்கள் யாரிடமாவது இப்படி ஒரு காசு வந்து மாட்டிக்கொண்டால், சாயங்கால டீக்கும் போண்டாவுக்கும் வைத்திருந்த பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து அம்மா அதை வாங்கிக்கொள்வார். டப்பாவில் காசு ஏற ஏற அம்மாவின் ரவிக்கை தொளதொளவென்று ஆனது. அப்பா அதைச் சொல்லிக் கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் முக்குக் கடைக்காரருக்கு டப்பா விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் ஊரில் முடங்கிக் கிடந்த காசுகளை எல்லாம் ஒன்றுக்கு எட்டு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். செல்லாத காசுக்கு எட்டு ரூபாய் தருகிறாரே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று எங்கள் லைனில் பாதிப் பேர் கொடுத்துவிட்டார்கள். இதே கடையில் சாமான் வாங்கினால் மீதிச் சில்லறைக்குக் கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு ரூபாய் மிட்டாயை எடுத்து நீட்டுவார். வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதுதான் சில்லறை. ஒருநாள் அவர் அம்மாவைக் கூப்பிட்டு, டப்பாவோடு கொண்டு வாருங்கள், மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"நீ குடுக்கற முட்டாய் செல்லும், கவர்மெண்ட் குடுக்கற காசு செல்லாதா? இது இன்னா நியாயம்?" என்று அம்மா கேட்டார்.

கடைக்காரர் ஊரே அப்படித்தானே என்று சிரித்து மழுப்பினார். அம்மா அன்றைக்கு வாங்கிய புளியைக்கூட அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

உண்மையான சண்டை வீட்டுக்குள் வந்தது. ஆட்டோ ஓடத் தகுதியானதுதான் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி எஃப்.சி. வாங்க வேண்டிய சமயம். பெயின்ட் அடிக்க வேண்டும், டயர் மாற்ற வேண்டும், அப்பாவிடம் பணம் கம்மி. ஒன்றுக்கு எட்டு என்று கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம், ஊர் சுற்றுவது இப்போது ரொம்ப முக்கியமா என்று அப்பா பீரோவுக்கு அடியில் கையை விட்டார். அம்மா டப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உலை கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்தும் எழுந்திருக்கவில்லை.

"ஒரு காசுக்கு ரெண்டு ரூபா அவனுக்கு எதுக்கு அழணும்? எஃப்.சி.க்கு நான் ஞாயித்துக்கெழம ஓவர்டைம் பாத்துத் தர்றேன். இத மட்டும் தொடாத."

இரண்டு ரூபாய்க்காகவா இத்தனை பிடிவாதம் என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பத்து ரூபாய் வேலைக்கு எட்டு ரூபாய் வாங்கிக்கொண்டு, அதற்கும் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும் என்று எங்களுக்கு எல்லா இடத்திலும் கற்றுக்கொடுக்கிறார்கள். என் அம்மா ஒரு இடத்திலாவது அதைக் கற்றுக்கொள்ள மறுத்தார். சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் போய் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தார். டப்பா அப்படியே இருந்தது.

அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் தைத்த ஷாகிரா அக்காதான் விஷயத்தை உடைத்தார். அவருடைய தங்கையை மைசூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே இந்தக் காசை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை, சும்மா வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள் என்றார். முக்குக் கடைக்காரரின் மச்சான் பெங்களூருக்கு லாரி ஓட்டுகிறவர், எட்டு ரூபாய்க்கு வாங்கிய காசெல்லாம் அந்த லாரியில்தான் போய்ப் பத்து ரூபாயாக மாறுகிறது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அம்மா சிரித்தார்.

"எங்க செல்லுதோ அங்கயே போலாம்" என்றார். எங்கள் விடுமுறைக்கான ஊர் அப்படித்தான் முடிவானது.

முழுப் பரீட்சை லீவில் கிளம்பினோம். அப்பா கடைசிவரை பேஜார் பேஜார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். போகிற இடத்திலும் வாங்காவிட்டால் மூன்று பேரும் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும், கையில் வேறு பணம் அதிகம் இல்லை என்பது அவர் பயம். அம்மா தைரியமாகத்தான் இருந்தார், ஆனால் கட்டிக்கொண்டு வந்த இட்லியை ரயிலில் அவரும் சாப்பிடவில்லை. ஜோலார்பேட்டை தாண்டியதும் ரயில் மேடேறத் தொடங்கியது. பெங்களூரில் மாறி மைசூரில் இறங்கியபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை. அம்மா ஒரே ஒரு டீ சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்து மாற்றிக் கட்டியிருந்த துணிப்பையில் கைவிட்டு ஒரு காசை எடுத்து நீட்டினார். கடைக்காரர் அதை வாங்கினார், பார்க்கக்கூட இல்லை, மேசை டிராயரில் விட்டெறிந்துவிட்டு அடுத்தவருக்கு டீ ஆற்றப் போய்விட்டார். டங் என்று சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா வேறு பக்கம் பார்த்தார். அம்மா இன்னொரு டீ சொன்னார், இன்னொரு காசு நீட்டினார், அந்த டிராயர் சத்தத்தை இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது டீயை எனக்காக வாங்கினார். அதுவரை எனக்கு வீட்டில் டீயே கொடுத்ததில்லை. குடித்துக்கொண்டே அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. யானை பார்க்க, வண்டி ஏற, மல்லிகைப்பூ வாங்க என்று காசை எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தார். லாட்ஜ்காரர் ஒரு காசை மூக்கருகே கொண்டுபோய் இது என்ன வாசனை என்று கேட்டார். எங்க ஊர் வாசனை என்று அம்மா தமிழிலேயே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரண்மனையில் விளக்குப் போட்டபோது கூட்டமே ஹோ என்றது. அரண்மனை எனக்கு இப்போது மங்கலாகத்தான் நினைவிருக்கிறது, டீக்கடை டிராயர்தான் துல்லியமாக நினைவிருக்கிறது. திரும்பும்போது துணிப்பை காலி. அப்பா தன் ஆட்டோவுக்குச் சாமுண்டி படம் ஒன்று வாங்கினார். அதற்கான காசை அம்மாவிடம் அவரே கை நீட்டிக் கேட்டு வாங்கினார்.

பள்ளி திறந்த அன்று டீச்சர் கேட்டபோது நான் எழுந்து நின்று மைசூர் என்றேன். எந்தக் காசில் போனோம் என்பதையும், கேட்காமலேயே, சொன்னேன்.

இன்று எங்கள் ஊரில் அந்தக் காசு சத்தமில்லாமல் செல்கிறது. பத்து ரூபாய்த் தாள்தான் கண்ணில் படுவதில்லை. எல்லாரும் போனை நீட்டி ஸ்கேன் செய்துவிட்டுப் போவதால் கடைகளில் சில்லறைக்குப் பஞ்சம். சொல்யூஷன் டப்பா துருப்பிடித்து அடி கழன்றுபோயிற்று. இன்னொன்றும் காணாமல் போய்விட்டது. அந்தக் காசை வாங்க மறுத்தவர்களில் ஒருவரையும் இன்று ஊரில் கண்டுபிடிக்க முடியாது. யாரைக் கேட்டாலும் "நாங்க எப்பவுமே வாங்கினோமே" என்கிறார்கள். இதற்காகத்தான் எழுதி வைக்கிறேன். நீங்கள் வாங்கவில்லை. எங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டீர்கள்.

போன மாதம் நானும் அம்மாவும் முக்குக் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரருக்கு முடி நரைத்துவிட்டது, ஜாடி மட்டும் அதே இடத்தில் இருந்தது. அம்மாவைக் கண்டதும் ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து, சில்லறைக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, பத்து ரூபாய் காயின் இருந்தால் கொடுங்கள் அக்கா என்று கேட்டார். அம்மாவின் மணிபர்ஸில் எப்போதும் இருக்கும். பத்துக் காசுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார், ஆனால் கையை எடுக்கவில்லை.

"ஒண்ணு பன்னெண்டு ரூபா" என்றார்.

கடைக்காரர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நூறு ரூபாய்க்கு மேல் தாளாக இல்லையே என்று அவர் இழுத்தார்.

"பரவால்ல. முட்டாய் செல்லும்ல?"

அம்மா ஜாடியைத் தன் பக்கம் இழுத்துத் திறந்து, நிதானமாக எண்ணி இருபது மிட்டாய் எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் காசின் மேலிருந்து கையை எடுத்தார். கடைக்காரர் காசுகளை வழித்து டிராயரில் போட்டுக்கொண்டார். தெருவில் இறங்கியதும் அம்மா எனக்கு ஒரு மிட்டாயைப் பிரித்துக் கொடுத்தார், தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.