பந்திக்கு வரிசை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அத்தைக்குச் சிவகாசியில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. அதற்கு முன் இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. ஒன்று, வந்தவர்களில் ஒரு பெரியவருக்குக் காபி கொடுக்க விட்டுப்போனதால். இந்த முறை மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கும்படி எதுவும் நடந்துவிடக் கூடாது என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை விட்டபாடில்லை.

லண்டனில் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அப்போது லீவில் வந்திருந்தார். காலையில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டு அந்த ஊர் அரசியலைச் சொல்ல ஆரம்பிப்பார். தேர்தலில் தோற்ற பிரதமர் மறுநாளே சாமான்களைக் கட்டிக்கொண்டு வீட்டைக் காலி செய்துவிடுவாராம். நேற்றுவரை மந்திரியாக இருந்தவர் இன்று கடையில் நமக்குப் பின்னால் பால் வாங்க நிற்பாராம். ஒருவர் இன்னொருவரை இடித்துவிட்டால் இடிபட்டவரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்பாராம். இப்போது வெளியாட்கள் நிறைய வந்து அங்கேயும் வரிசை கெட்டுப்போய்விட்டது என்று கடைசியில் வருத்தப்படுவார். மாமாவும் வெளியாள்தானே என்று எனக்குத் தோன்றும். கேட்டதில்லை.

பெரியப்பாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. "வரிசை வரிசைங்கீகளே மாப்ள, வெள்ளைக்காரக நம்ம ஊருக்கு வரும்போது மட்டும் எந்த வரிசையில நின்னு வந்தாகளாம்?" என்பார். மாமா சிரித்து மழுப்பிவிடுவார்.

ஆனாலும் நிச்சயத்தன்று மாமாவின் யோசனைதான் ஜெயித்தது. எங்கள் பக்கத்து விசேஷங்களில் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நின்று, அவர் எப்போது பாயசத்துக்கு வருவார் என்று இலையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அசிங்கம் வேண்டாம், வாசலில் வரிசை வைப்போம், முதலில் வந்தவர் முதலில் சாப்பிடட்டும் என்றார் மாமா. பெண்பிள்ளையிடம் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று சாப்பாட்டுக்கூட வாசலில் என்னை நிறுத்தினார். நாற்பது பேர் போனதும் கையைக் குறுக்கே நீட்ட வேண்டும். யார் வந்தாலும் விடக் கூடாது. யார் வந்தாலுமா என்று இரண்டு முறை கேட்டேன். அங்கே ராணியே வந்தாலும் அப்படித்தான் என்றார்.

முதலில் வந்தவர்கள் அப்பாவின் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள். தீபாவளி சீசன். தாயில்பட்டியிலிருந்து கம்பெனி வேனில் வந்து, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும். முன்னால் நின்ற திரி வெட்டும் அக்கா உள்ளே போகத் தயங்கினாள். "நாங்க கடைசிப் பந்தில உக்காந்துக்கிடுறோம் பாப்பா" என்றாள். நான் மாமா சொன்னதைச் சொல்லி, அவள் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினேன். அவளுக்குப் பின்னால் இருபது பேருக்கு மேல் போனார்கள். அப்புறம் உறவினர்கள். நாற்பது ஆனதும் கையை நீட்டினேன்.

நாற்பத்தோராவது ஆளாக வந்தவர் மாப்பிள்ளையின் அப்பா. பின்னால் அவர் வீட்டு ஆட்கள் பத்துப் பேர்.

"வரிசையில நில்லுங்க தாத்தா," என்றேன்.

அவர் நின்றார். கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தின் மறுகோடியில் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது எனக்குத் தெரிந்தது. நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தேன். எடுத்தால் மாமா சொன்னது தப்பாகிவிடும், எடுக்காவிட்டால் அத்தையின் கல்யாணம் நின்றுவிடும். இப்போது என் மகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

மாமா ஓடி வந்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் என் கையைத் தட்டிவிட்டு, "சின்னப்பிள்ளை, சும்மா விளையாடுது. நீங்க வாங்க" என்று அவரைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப்போனார். உள்ளே காலி இலை இல்லை. மாமா யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு எதிரே போய்ச் சும்மா நின்றார்.

அப்போதுதான் சோறு விழுந்து சாம்பார் ஊற்றியிருந்தார்கள். அக்கா ஒரு வாய் பிசைந்திருப்பாள். நிமிர்ந்து பார்த்தாள். இலையை மடித்தாள்.

"எந்திரிங்கடி, வேனுக்கு நேரமாச்சு. சம்பந்தி வீட்டு ஆளுக உக்காரட்டும்," என்றாள் சத்தமாக.

ஒவ்வொருவராக இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள். புது இலை விழுந்தது. அப்பா வேர்த்து விறுவிறுக்க வந்து நின்றார். மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்துகொண்டே, "பிள்ளைய நல்லா வளத்திருக்கீக" என்றார். அது பாராட்டா குத்தலா என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆவணி முடிவதற்குள் கல்யாணம் நடந்துவிட்டது. அத்தை நன்றாகவே இருக்கிறாள்.

அன்றைக்கு ஆனால் எனக்கு அது தெரியாதே. அடி விழும் என்று பயந்து வெளியே ஓடி, வேனுக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டேன். பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர், இன்னும் அரை மணி நேரம் இருக்கிறதே, அதற்குள் என்ன அவசரம் என்று முணுமுணுத்தார். அக்கா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் பாப்பா அழுறே?"

"என்னால அத்தை கல்யாணம் நின்னுருமாக்கா?"

"அதெல்லாம் நிக்காது. அதான் எந்திரிச்சு வந்துட்டம்லா," என்று கையை வெளியே நீட்டி என் கன்னத்தைத் துடைத்தாள்.

கன்னத்தில் பிசுபிசுவென்று சாம்பார் ஒட்டியது. அவள் விரலிடுக்கில் இரண்டு சோற்றுப் பருக்கைகள் இருந்தன. எனக்கு உடனே அழுகை நின்றுவிட்டது. வேன் போன பிறகு பாவாடையால் கன்னத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டுக் கைகூடக் கழுவாமல் வந்துவிட்டாளே, இந்த அக்காவுக்கு நாகரிகமே தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.