என் குழியில் ஒன்றுமில்லை

ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தரிசில் சோலார் பலகை நடப்போகிறார்கள். அதற்கு முன்னால், மண்ணுக்கடியில் பழங்காலத்துப் பொருள் ஏதும் இருக்கிறதா என்று சோதனைக் குழி போட்டுப் பார்க்கும் வேலை எனக்கும் என் தோழிக்கும் கிடைத்தது. ஒரே கல்லூரியில் படித்தவர்கள், திண்டுக்கல்லிலிருந்து ஒரே ஸ்கூட்டியில் போவோம். ஏதாவது கிடைத்தால் பெரிய அகழாய்வு நடக்கும், அதற்கு உங்களில் ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று ஆய்வை நடத்தும் சார் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த ஒருத்தி நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குழி ஒதுக்கியபோது எனக்கு வந்தது கரடு என்கிற பாறைக் குன்றின் ஓரத்துப் பொட்டல். அவளுக்கு வேப்பமர நிழல். வெயில் ஒத்துக்காது என்று நான்தான் மாற்றிக் கேட்டேன். "எடுத்துக்கடி, எனக்கு எங்கன்னாலும் ஒண்ணுதான்" என்றாள்.

என் குழியில் வேர் வந்தது. வேருக்குக் கீழே சரளை வந்தது. அவள் குழியில் முதலில் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள், பிறகு வட்டமாக ஒரு தாழியின் வாய். அந்தக் காலத்தில் செத்தவர்களைப் புதைத்த பானை! ஊரே திரண்டு வந்து "அம்புட்டுப் பெரிய பானையா!" என்று வாயைப் பிளந்தது. எனக்கு வயிறு எரிந்தது. மோர் குடித்தும் அடங்கவில்லை. என் குழி அது, எனக்கு வந்த குழி!

செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். "அவரு தொலைச்சவங்களுக்குத்தாண்டி தேடிக் குடுப்பாரு. நீ என்னத்தத் தொலைச்ச?" என்றாள் அம்மா. அவளுக்கு என்ன தெரியும்.

அந்த வாரமே என் குழியில் கன்னி மண் வந்துவிட்டது. மனிதக் கை படாத மண், அதற்குக் கீழே தோண்டிப் பிரயோசனமில்லை. கம்பெனி இன்ஜினியர் எட்டிப் பார்த்து, "சூப்பர் மேடம், உங்க குழி சுத்தம்! இங்கன கம்பி நட்டுறலாம்" என்றார். என்னைப் பாராட்டிய ஒரே ஆள் அவர்தான்.

வேலை அவளுக்குப் போனது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிய என்னை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சார்கிட்ட கேட்டுட்டேன். தாழிய உள்ள பாக்குற வரைக்கும் நீயும் கூட இரு. நீ இல்லாம எனக்குக் கை ஓடாதுடி."

இந்தப் புண்ணியவதி நல்லவளாகவும் இருந்து தொலைக்க வேண்டுமா? போடி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "வாரேன்" என்றேன்.

தாழி நிறைய மண் இறுகிக் கிடந்தது. மூங்கில் குச்சியால் கீறி, பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். உள்ளே வெறும் மண்ணாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தள்ளினேன். அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரம், பிரஷ் முனையில் சிவப்பாக ஏதோ தட்டுப்பட்டது. ஊதிப் பார்த்தேன். சூதுபவள மணி, அந்தக் காலத்து மாலையில் கோத்த சிவப்புக் கல், மிளகைவிடக் கொஞ்சம் பெரியது.

"ஏய், ஓடி வாடி! கிடைச்சிருச்சுடி, உனக்குக் கிடைச்சிருச்சு!" என்று கரடே எதிரொலிக்கக் கத்தியது நான்தான்.