தேன்சிட்டு எடுத்துக்கொண்ட மழைக்கோட்டு

எங்கள் வீடு மாசாய் என்ற ஊரில். பக்கத்து ஊரான பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு நான் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். என் மகள்கள் இருவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். கணக்கும் ஆங்கிலமும் அவர்களுடைய அம்மா பொறுப்பு. செடி, மண், கத்தரிக்கோல், பசை எல்லாம் என் பொறுப்பு. அதிகம் படிக்காத எனக்கு இந்தப் பங்குதான் வசதி.

என் மழைக்கோட்டு வாசல் கூரையில் ஒரு கொக்கியில் தொங்கும். கொஞ்ச நாள் நல்ல வெயில், நான் அதைத் தொடவே இல்லை. அதற்குள் ஒரு தேன்சிட்டு கோட்டின் தொப்பிக் கயிற்றில் கூடு கட்டிவிட்டது. சின்னப் பை மாதிரி தொங்கியது. பிள்ளைகள் கீரைத் தொட்டியில் போட்டிருந்த தேங்காய் நாரைத்தான் திருடியிருந்தது.

மழை வந்த அன்று கோட்டுக்குக் கை நீட்டினேன். மூத்தவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ள முட்டை இருக்குப்பா. கோட்ட எடுத்தீங்கன்னா எல்லாம் போச்சு."

நனைந்துகொண்டே வேலைக்குப் போனேன். கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னாள் மனைவி. பிள்ளைகள் விடவில்லை. அவர்களே செய்து தருவார்களாம், அதுதான் அந்த வாரக் கைவேலைப் பாடமாம். ரோஜாப்பூ போட்ட பழைய பிளாஸ்டிக் மேசை விரிப்பை எடுத்துவந்தார்கள். என்னைச் சுவரோடு நிற்க வைத்து நூலால் அளந்தார்கள். மூத்தவள் வெட்ட, சின்னவள் டேப் ஒட்டினாள்.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மோட்டாரில் உட்கார்ந்து கையை நீட்டியதும் கோட்டின் கை முழங்கைக்கு ஏறிவிட்டது. முட்டி இரண்டும் வெளியே. தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா, வயதான மலாய்க்காரர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ராயாப் பெருநாளுக்குத் தைத்ததா என்று கேட்டார். மகள்கள் செய்தது என்றேன். அப்படியென்றால் கழற்றாதே என்றார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் சின்னவள் யோசித்தாள்.

"நிக்கிற அப்பாவ அளந்துட்டோம். மோட்டார் ஓட்டுற அப்பாவ அளந்திருக்கணும்."

சரி என்று அடுத்த விடுமுறை நாள் காலையில் வாசலில் நிறுத்தியிருந்த மோட்டாரில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் என்னைச் சுற்றிச் சுற்றி அளந்தார்கள், சிரித்தார்கள். கூடு எங்கள் தலைக்குப் பக்கத்தில் என்பதை மறந்தே போனோம். தேன்சிட்டு வெளியே பாய்ந்தது. வேலிக்கம்பியில் உட்கார்ந்து கத்தியது. பிறகு காணாமல் போய்விட்டது.

மதியம் மூத்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"முட்டை ஆறிடும்லப்பா?"

தெரியாது என்றுதான் சொன்னேன். மோட்டாரை வெளியே தள்ளிக்கொண்டுபோய்த் தெருமுனையில் நிறுத்தினேன். முன்கதவைச் சாத்திவிட்டு, எல்லாரும் பின்பக்கமாகவே வந்துபோனோம். சின்னவள் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. பொழுது சாயும்போது ஓடிவந்து என் காதில் சொன்னாள், கூட்டு வாயில் தேன்சிட்டின் மூக்கு தெரிகிறதாம்.

அதன்பிறகு தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் மோட்டாரைக் கிளப்புவேன். இரண்டாவது மழைக்கோட்டும் தயாரானது.

ஒருநாள் இரவு வேலை முடிந்து காலையில் நல்ல மழையில் வந்தேன். கேட்டைத் திறக்கப் போனேன், ஜன்னலுக்குப் பின்னால் மகள்கள் இருவரும் வாயில் விரலை வைத்துக் காட்டினார்கள். தேன்சிட்டு கூட்டு வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து குட்டிக் குட்டி வாய்கள் நீண்டன. அது ஊட்டி முடிக்கும்வரை நான் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றேன். புதுக் கோட்டின் கை மணிக்கட்டுவரை சரியாக இருந்தது.

இடது அக்குளில் மட்டும் கொஞ்சம் ஒழுகியது. அது சின்னவள் டேப் ஒட்டிய இடம். இதைப் படித்தால்தான் அவளுக்கே தெரியும்.