லாபிர் டிரைவரும் சக்கர பங்களாவும்

தெரணியகலைக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்துத் துரைக்கு ஆறு அறை பங்களா இருந்தது. முன்னால் புல்தரை, பின்னால் குசினி, குளிக்கச் சுடுதண்ணீர், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வேலைக்கார அப்பு. இத்தனையும் இருக்க, அந்த மனுசனுக்கு ரோட்டில் போய்ப் படுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஏதோ இங்கிலீஷ் சஞ்சிகையில் படம் பார்த்தாராம். பார்த்தவர் சும்மா இருந்தாரா? கொழும்பிலிருந்து தச்சனை வரவழைத்து, பலகையால் ஒரு சின்ன வீடு கட்டி, அதற்கு இரண்டு சக்கரம் பூட்டி, காருக்குப் பின்னால் கொளுவிக்கொண்டார். உள்ளே இரண்டு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. துரை அதைக் கேரவன் என்றார். தொழிலாளர் லயத்துச் சனம் சக்கர பங்களா என்றது. அதை இழுத்துக்கொண்டு திரிய வேண்டிய லாபிர் டிரைவர் அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

லாபிருக்கு ருவான்வெல்லை. அவருடைய வாப்பா மாட்டுவண்டிக்காரர். தோட்டங்களிலிருந்து அவிசாவளைக்கு ரப்பர் ஏற்றிப் போனவர், மழை வந்தால் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தவர். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அந்தப் பிழைப்பு வேண்டாம் என்றுதான் லாபிர் கார் கழுவும் வேலைக்கு இந்தத் துரையிடம் வந்து, பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தார். பதினெட்டு வருசம். இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் ஆண்டில், நாற்பத்தாறு வயதில், துரையும் துரைசானியும் பலகை வீட்டுக்குள் படுக்க, லாபிர் காருக்குள் காலை மடக்கிக்கொண்டு கிடந்தார். வாப்பா வேறு வழியில்லாமல் ரோட்டில் படுத்தார், இவர்கள் வீட்டை வைத்துக்கொண்டு படுக்கிறார்களே என்று நினைக்க நினைக்க அவருக்கு வயிறு எரியும்.

ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னவரில்லை. துரை எதைச் சொன்னாலும் "சரிங்க தொரை" என்பதுதான் பதில்.

அந்த மாசி மாதம் லாபிரின் ஒரே மகள் ஹபீஸாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை மஷூர், தெரணியகலைக் கடைவீதியில் புடவைக் கடை வைத்திருப்பவன், நல்ல பையன். வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் என்று நாள் குறித்தார்கள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இவளை உனக்கு மணமுடித்துத் தந்தேன் என்று பெண்ணின் வாப்பாதான் சொல்ல வேண்டும். வாப்பா வர முடியாவிட்டால், இன்னாருக்கு அந்தப் பொறுப்பைத் தருகிறேன் என்று அவர் கைப்பட எழுதிய கடிதமாவது வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் நிக்காஹ் செய்து வைக்கும் லெப்பை வாயைத் திறக்க மாட்டார்.

அண்ணன் லாபிரை நானா என்று கூப்பிடும் தம்பி முக்தார் இதை முன்கூட்டியே யோசித்தான்.

"நானா, ஒங்கட தொரை ஒங்கள விட மாட்டான். ஒரு கடிதம் எழுதித் தாங்க. ஒங்களுக்கு வர ஏலாமப் போனா நான் நின்டு செஞ்சு குடுக்கிறேன்."

லாபிருக்குச் சுருக்கென்றது. "போடா! பதினெட்டு வருசம் அவருக்குக் கார் ஓட்டீக்கிறேன். ஏன்ட தொரைய எனக்குத் தெரியாதா? ஏன்ட புள்ளய நான்தான் குடுப்பேன்."

பேசிய பேச்சு அப்படி. துரையிடம் போய் நின்றபோது பேசிய பேச்சு வேறு. வீட்டுப் பெண்பிள்ளைகளின் விசயத்தை வெள்ளைக்காரனிடம் எப்படி வாய்விட்டுச் சொல்வது? ஊரில் எந்த மரியாதைப்பட்ட முஸ்லிமும் அப்படிச் சொல்ல மாட்டான். அதனால் லாபிர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வெள்ளிக்கிழமை வீட்டுல ஒரு சின்ன வேலை இருக்குங்க தொரை" என்றார். சின்ன வேலை! துரையும் கூரையில் ஓடு மாற்றுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை வந்துடலாம், கவலே வேணாம்" என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பலாங்கொடைப் பக்கம் சக்கர பங்களா புறப்பட்டது.

அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் லாபிர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொள்வார். ஏற்றத்தில் கார் முக்கும். இறக்கத்தில் வீடு பின்னாலிருந்து தள்ளும். வளைவுக்கு வளைவு இறங்கிக் கல் வைக்க வேண்டும். மாட்டுவண்டிக்காரர்கள் சிங்களத்தில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். போதாக்குறைக்குத் துரைக்கு விறகடுப்பில் வைத்த தேநீர்தான் இறங்குமாம். மழையில் நனைந்த விறகை ஊதி ஊதி லாபிரின் கண் இரண்டும் சிவந்து போயின. துரைசானி காலிலிருந்து கழற்றிய நனைந்த சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம், திரும்பி வரும் வழியில், எஹலியகொடைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. லாபிர் ஓரம் கட்டினார். கார் தப்பியது. பின்னால் வந்த வீடு மட்டும் ரோட்டோர வடிகால் கானுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கி, படார் என்று சாய்ந்து நின்றது. அச்சு வளைந்துவிட்டது. உள்ளே பீங்கான் கோப்பைகள் நொறுங்கிய சத்தம் கேட்டது. லாபிருக்கு அதில் கொஞ்சம் சந்தோசம் என்றுகூடச் சொல்லலாம்.

"நாளைக்குக் காலையிலே பாஸ் வருவான், சரி செய்வான், போகலாம்" என்றார் துரை. சாய்ந்த வீட்டுக்குள்ளேயே தலையணையை முட்டுக் கொடுத்துப் படுத்தும்விட்டார்.

வெள்ளி காலை பத்து மணிக்குத்தான் கொல்லன் வந்தான். பேமதாச பாஸ் என்று பெயர், பாஸ் என்பது கைத்தொழில்காரரைக் கூப்பிடும் மரியாதை. வெற்றிலையை மென்றுகொண்டு குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், சக்கரத்தைக் காலால் ஒரு உதை உதைத்தான்.

"அத பே, மஹத்தயா. ஹெட்ட."

இன்றைக்கு முடியாது, நாளைக்கு. லாபிருக்குக் காது அடைத்தது. துரையோ முகமெல்லாம் சிரிப்பாக மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னும் ஒரு நாள் ரோட்டில் இருக்கக் கிடைத்ததே!

"என்னா லாபிர், மூஞ்சி இப்படி? இதுதான் கேம்பிங். போ, டீ போடு."

லாபிர் போய் அடுப்பை மூட்டினார். மூட்டியவர் தன்னையே திட்டிக்கொண்டார். கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்ன தம்பியை விரட்டிவிட்டாய். உன்னுடைய ரோசத்தையும் உன்னுடைய வெட்கத்தையும் கொண்டுபோய் அந்தக் கானுக்குள் போடு, மடையா! ஜும்ஆத் தொழுகைக்கும் போக முடியாமல் வெயில் உச்சியைத் தாண்டியது. இந்நேரம் ருவான்வெல்லையில் பந்தலுக்குள் பாய் விரித்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, பெண்ணின் வாப்பா எங்கே என்று கேட்டால் ஹபீஸா எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பாள்? நாள் குறித்துச் சொல்லி அழைத்து, வாப்பா வராமல் நின்றுபோன கலியாணத்தை அந்த ஊர் மறக்குமா?

அடுப்பிலிருந்த தண்ணீர் கொதித்து வழிந்து நெருப்பை அணைத்தது. லாபிர் எழுந்து துரைக்கு முன்னால் போய் நின்றார்.

"தொரை, நான் ருவான்வெல்லைக்குப் போகணுங்க."

"நாளைக்குப் போகலாம்."

"இன்னைக்குப் போகணுங்க."

"சின்ன வேலேதானே? வேறே ஆள் செய்யும். நீ போனா யாரு டீ போடும்?"

பதினெட்டு வருசத்துப் புகைச்சலும் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது. "ஏலாது தொரை! வேற ஆள் செய்ய ஏலாது! இன்னைக்கு ஏன்ட மகளுக்குக் கலியாணம்!"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துரை வாயிலிருந்த பைப்பை எடுத்தார்.

"மகளா? லாபிர், உனக்கு மகள் இருக்கா?"

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். லாபிருக்கு அதுதான் தாங்கவில்லை. இந்தத் துரையின் நாய்க்கு என்ன வயது, எந்தக் காலில் வாதம் என்பதுவரை லாபிருக்குத் தெரியும். கார்ச் சாவியை எடுத்துத் துரையின் மடியில் வைத்தார். துரைசானி, "போ லாபிர், சீக்கிரம் போ" என்று எழுந்து நின்று சொன்னதுகூடப் பாதிதான் காதில் விழுந்தது.

அரை மைல் நடந்திருப்பார், ரப்பர் ஷீட் ஏற்றிய லொறி ஒன்று கிடைத்தது. ஷீட்டுகளுக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டு அவிசாவளை வந்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தார். அங்கிருந்து ருவான்வெல்லை பஸ். அந்த பஸ் ஆள் சேரட்டும் என்று அரைமணி நேரம் நின்றது. லாபிர் கண்டக்டரைச் சிங்களத்தில் கேட்ட கேள்வியில் பஸ்ஸே சிரித்தது. அவருக்கு மட்டும் அழுகை வந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது அஸர் தாண்டி வெகுநேரம். பந்தலில் பாதிப் பேர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். முக்தார் பாய்ந்து வந்தான்.

"எங்க நானா போனீங்க? மாப்பிள்ள வீட்டாக்கள் பொறப்படப் போறாங்க! நானே ஒங்கட பேர்ல ஒரு கடிதம் எழுதி லெப்பைக்குக் காட்டப் பாத்தேன். ஒங்கட மகள் விடல்ல!"

"என்ன சொன்னா?"

"வாப்பா வந்து சம்மதம் கேக்கட்டும், வேற ஆரு கேட்டாலும் பேச மாட்டேன்னு சொல்லிட்டு உள்ளுக்கு ஈக்கிறா. ரெண்டு மணித்தியாலமா!"

லாபிர் கால் கழுவவும் இல்லை. ரப்பர்ப் புகை நாற்றமும் அடுப்புக் கரியுமாக உள்ளறைத் திரைக்கு முன்னால் போய் நின்றார். மனைவி றுகையா அவரைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மகள்" என்றார். "மஷூருக்கு ஒங்கள நிக்காஹ் செஞ்சு குடுக்கட்டா?"

எந்த ஊரிலும் மணப்பெண் இதற்குப் பதில் சொல்வதில்லை. தலையைக் குனிந்து பேசாமல் இருப்பாள், அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். ஹபீஸா அப்படி இருக்கவில்லை. பந்தலில் எழுந்து நின்றவர்களுக்கும், செருப்பைத் தேடிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும், தெருவில் போனவர்களுக்கும் கேட்கும்படி திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்:

"ஏன்ட வாப்பா வந்துட்டாரு. செஞ்சு குடுங்க வாப்பா."