நான் சொல்லாத நாலு எண்

கிரைண்டர் வாங்கிய பதினோராம் நாள் அது உறுமியது, சுற்றவில்லை. ஸ்விட்சைப் போட்டால் உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது. மேலே டிரம் மட்டும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் இருக்கிறது. உள்ளே பாதி அரைபட்ட உளுந்து.

ஸ்விட்சை அணைத்துவிட்டு நான் செய்த முதல் காரியம், யாராவது பார்த்தார்களா என்று வாசலை எட்டிப் பார்த்ததுதான். எந்தப் பொருள் கெட்டாலும் நான்தான் கெடுத்தேன் என்று எனக்குத் தோன்றிவிடும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் நான். பொருளோடு வருகிற புத்தகத்தில் படம் மட்டும் பார்ப்பேன். செய்யக்கூடாதது என்று எழுத்தில் ஏதோ போட்டிருக்கும், அதைத்தான் நான் செய்து வைத்திருப்பேன் என்று ஒரு பயம்.

அரியலூரில் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். நான் இட்லி மாவு அரைத்துத் தெருவுக்குக் கொடுக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் தூக்குவாளியோடு வந்து நின்றுவிடுவார்கள். முன்பிருந்த கிரைண்டர் பதினான்கு வருடம் ஓடியது. சத்தம்தான் அதிகம், ஓடினால் எதிர் வீட்டில் டிவி கேட்காது. பெரம்பலூர்க் கடை ஒன்றில் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். ஓடிக்கொண்டிருந்ததைக் கொடுத்து ஓடாததை வாங்கி வந்திருக்கிறேன் என்பது பதினோராம் நாள்தான் தெரிந்தது.

எதிர் வீட்டில் இருப்பவர் லெப்பைக்குடிக்காட்டு அக்கா. அவர் கணவர் துபாயில் இருக்கிறார். பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வாடகைக்கு வந்தவர். போனில் அவருக்குத் தெரியாத வித்தை கிடையாது. உளுந்தை வழித்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அவருடைய குட்டி கிரைண்டரில் மூன்று ஈடாகப் போட்டு அரைத்தேன். அரைபடுகிற நேரத்தில் அவரே என் போனில் கம்பெனிக்குப் புகார் போட்டுக் கொடுத்தார்.

“நீ ஏன்டி நடுங்குற? பொருள வாங்குனவ நீ. நடுங்க வேண்டியது அவங்க. சரி பண்ணித் தரலன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போலாம்.”

கோர்ட்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, “வேணாங்கக்கா, அவங்களா பாத்துச் செஞ்சா செய்யட்டும்” என்றேன்.

“யா அல்லா, இவள வச்சிக்கிட்டு!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

உண்மையில் எனக்கு இருந்த கவலை வேறு. அடுத்தவர் வீட்டுக் கிரைண்டரில் எத்தனை நாள் அரைக்க முடியும்? முக்கால்வாசிப் பேரை “இன்னிக்கு இல்லீங்க” என்று திருப்பி அனுப்பினேன். அவர்கள் முனைக்கடையில் பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு என் வாசல் வழியாகவே போனார்கள். பாக்கெட் மாவுக்கு ஒருமுறை பழகினவர்கள் திரும்பி வரமாட்டார்கள். சீக்கிரம் சரியாகாவிட்டால் என் தொழில் அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பெரம்பலூரிலிருந்து பைக்கில் மெக்கானிக் வந்தார். முன்னந்தலை நரைத்தவர், கம்பெனிப் பெயர் போட்ட சட்டை. அவர் என்னை அக்கா என்றார், நான் அவரை அண்ணே என்றேன். யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

கிரைண்டரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் திறந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். அதில் இரண்டு பல் உடைந்திருந்தது. அதைச் சுண்டுவிரலில் மாட்டிக் காட்டினார்.

“இதாங்க்கா கோளாறு.”

“இத மட்டும் மாத்திட்டாப் போதுங்களாண்ணே?”

“போதும். ஆனா தனியாக் குடுக்க மாட்டாங்க. மோட்டாரோட சேத்து முழு செட்டாத்தான் வரும். பழைய மோட்டாரத் தூக்கிப் போட்டுற வேண்டியதுதான்.”

“மோட்டாரு நல்லாத்தான ஓடுது?”

“அது அவங்களுக்கும் தெரியும்க்கா.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பல் உடைந்தால் பல்லைப் பிடுங்குவார்கள், தலையையா எடுப்பார்கள்? அதைக் கேட்பதற்குள் அவர் கண் அடுப்படியில் இருந்த பெரிய வாளிகள் பக்கம் போய்விட்டது.

“எத்தன கிலோ போடுறீங்க?”

புத்தகத்தில் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று தமிழிலேயே போட்டிருந்ததை அக்கா முந்தின நாள்தான் படித்துக் காட்டியிருந்தார். வியாபாரத்துக்கு என்றால் வாரண்டி கிடையாதாம்.

“வூட்டுக்குத்தாங்கண்ணே.”

“வூட்ல எத்தன பேரு?”

“ரெண்டு பேரு.”

அவர் வாளிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ரெண்டு பேரும் நல்லாச் சாப்புடுவீங்க போல” என்றார்.

நான் வாளிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அவரோ சிரித்தபடி போனில் எதையோ தட்டினார். “வீட்டு உபயோகம்னே போட்டுட்டேன்க்கா. இந்த வாளிய மட்டும் கொஞ்சம் உள்ள வச்சிருங்க.”

இதில் நான் பொய் சொன்னேனா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். வீட்டில்தான் அரைக்கிறேன். வாங்குகிறவர்களும் வீட்டில்தான் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். ஒரு கரண்டிகூட ஓட்டலுக்குப் போவதில்லை. அப்படியென்றால் வீட்டு உபயோகம் என்பது எதற்குள் முடிகிறது? என் வீட்டு வாசல்படியோடா?

அந்த யோசனையில் நிற்கும்போதே அவர் அடுத்ததைக் கேட்டார்.

“ஒங்க போனுக்கு ஒரு நாலு நம்பர் வந்திருக்கும் பாருங்க, ஓடிபி. அதச் சொல்லிட்டீங்கன்னா நான் கெளம்பிருவேன்.”

செந்துறையில் என் நாத்தனார், போனில் கூப்பிட்டுக் கேட்ட யாருக்கோ இப்படித்தான் ஒரு எண்ணைச் சொன்னார், பேங்கில் இருந்ததெல்லாம் துடைத்தாற்போலப் போனது. அதற்குப்பிறகு எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த போலீசம்மாவும், பெற்ற தாய் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று எங்களை மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்தார். எங்கள் வீட்டுக்காரர் சம்பளம் விழுகிற பேங்குக் கணக்கும் இந்தப் போன் நம்பரில்தான் இருக்கிறது.

“அப்புடி ஒண்ணும் வரலீங்களேண்ணே.”

“இப்பத்தானக்கா டிங்குன்னு சத்தம் கேட்டுச்சு.”

“அது… கேஸ் சிலிண்டருண்ணே.”

“சிலிண்டரு டிங்குங்குமா?”

“புக்கிங் மெசேஜுண்ணே.”

அவர் பெருமூச்சு விட்டார். “அக்கா, நான் ஃபிராடு இல்ல. சட்டையப் பாருங்க, கம்பெனி சட்ட.”

“போலீசு சட்ட போட்டவங்க கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு போலீசம்மாவே சொல்லிருக்காங்கண்ணே.”

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எனக்கு விளக்கினார். ஒரு நாளைக்கு இத்தனை புகாரை முடித்துக் காட்ட வேண்டுமாம். இந்த எண்ணைப் போட்டால்தான் முடித்ததாகக் கணக்கு. “இந்தப் புகாரு முடியாமக் கெடந்தா எனக்குத்தான் பாட்டு வுழும். சாமான் வந்ததும் நானே கொண்டாந்து மாட்டித் தரேன். எம்புள்ள மேல சத்தியமாச் சொல்றேன்க்கா.”

பிள்ளை மேல் சத்தியம் என்றதும் எனக்குப் பாதி மனது இளகிவிட்டது. போனைத் திறந்து எண்ணைக்கூடப் பார்த்தேன். எனக்காக வீட்டு உபயோகம் என்று போட்டுக் கொடுத்த மனிதர். வாய்வரை வந்தது. ஆனால் நாத்தனார் முகம் குறுக்கே வந்துவிட்டது. போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, “மன்னிச்சுக்கங்கண்ணே” என்றேன்.

திட்டியிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. உடைந்த சக்கரத்தைப் பழையபடி உள்ளே மாட்டினார், ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார், கிரைண்டர் புத்தகத்தின் பின்னட்டையில் தன் நம்பரை எழுதினார், போய்விட்டார்.

பைக் சத்தம் மறைந்ததும் எதிர் வீட்டு அக்கா ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அடி கெட்டிக்காரி! அந்த நம்பரச் சொல்லிருந்தா வேல முடிஞ்சி போச்சுன்னு அர்த்தம். அப்பறம் நீ நாயா அலையணும். எப்புடித்தான் தெரிஞ்சுது ஒனக்கு?”

“அப்ப அது பேங்கு நம்பரு இல்லீங்களா?”

“பேங்காவது கீங்காவது. கிரைண்டர் நம்பருடி அது.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தான் ஃபிராடு இல்லை என்று அவர் சொன்னபோது, நான் அவரைத் திருடனாகத்தான் நினைத்திருந்தேன். அவர் திருடன் இல்லை. ஆனால் முடியாத வேலையை முடிந்தது என்று என் வாயால் சொல்லவைக்கப் பார்த்தார். அதுவும் அவருக்காக இல்லை, அவரை விரட்டுகிறவர்களுக்காக. இதில் யாருக்குப் பயப்படுவது, யாருக்குப் பாவம் பார்ப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நல்ல குரலில் ஒரு பெண், “உங்கள் புகார் சரிசெய்யப்பட்டதா?” என்று கேட்டாள். நான் மூச்சு விடாமல் சொன்னேன்: “இல்லீங்க மேடம், ஆனா வந்த அண்ணன் மேல தப்பில்லீங்க. நல்ல மனுசரு. சாமான் வரணும்னாரு. நாந்தான் பயந்துகிட்டு நம்பர் சொல்லல. அவர ஒண்ணும் சொல்லிராதீங்க.” அந்தக் குரல் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “ஆம் எனில் ஒன்றையும், இல்லை எனில் இரண்டையும் அழுத்தவும்” என்றது. நான் பேசியது அத்தனையும் இயந்திரத்திடம். இரண்டை அழுத்தினேன். அழுத்தியதும் நன்றி சொல்லி வைத்துவிட்டது. நல்ல மனுசர் என்பதை அழுத்துவதற்கு எண் எதுவும் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் சிறிய வேன் ஒன்றில் புதுக் கிரைண்டரே வந்து இறங்கியது. ரிப்பேர் இல்லை, ஆளை மாற்றுகிற மாதிரி மொத்தமாக மாற்றிவிட்டார்கள். கொண்டுவந்தவர் பல் உடைந்த கிரைண்டரைத் தூக்கினார்.

“அண்ணே, கல்ல மட்டுமாவது வச்சிட்டுப் போறீங்களா? கல்லுல ஒண்ணும் கோளாறு இல்ல.”

“எதுலயுமே ஒண்ணும் கோளாறு இல்லம்மா. லிஸ்ட்ல மொத்தமாப் போட்ருக்கு. போனா ஒடச்சிப் பழைய இரும்புக்குப் போட்டுருவாங்க.”

இரண்டு பல்லுக்காக ஒரு மோட்டார், ஒரு டிரம், மூன்று கல். என் பதினான்கு வருடத்துக் கிரைண்டரும் பெரம்பலூரில் எங்கேயாவது இப்படித்தான் உடைபட்டிருக்கும். அதற்கும் ஒரு கோளாறும் இல்லை. நானேதான் கொடுத்தேன்.

அவரும் ஓடிபி கேட்டார். இந்தத் தடவை அக்கா சொல்லிக்கொடுத்தபடி, “ஓடவிட்டுப் பாத்துட்டுச் சொல்றேண்ணே” என்றேன். ஊறவைத்த உளுந்தைப் போட்டு, அது பொங்கி டிரம் விளிம்புக்கு வரும்வரை அவரை உட்காரவைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, “நாலு நம்பருக்கு அரமணி நேரம் காக்கவச்ச ஆளு நீங்கதான்மா” என்றார். பிறகு சொன்னேன். சொல்லும்போது அப்போதும் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

முன்பு வந்த மெக்கானிக் எங்கே என்று அவரிடம் கேட்டேன். “தெரியலம்மா, நான் வேனு மட்டுந்தான்” என்றார்.

தெருவில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். மாவுக்கார அக்கா கம்பெனியையே மடக்கிவிட்டாள் என்று பேச்சு. ஒரு அம்மா எரிந்துபோன மிக்சியைத் தூக்கிக்கொண்டு யோசனை கேட்கவே வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் மட்டும், “பயந்தாங்கொள்ளிக்குப் பதக்கம் குடுத்திருக்காங்க” என்று சிரித்தார். அவர் சொன்னதுதான் சரி. பாக்கெட் மாவுக்குப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். மீதிப்பேர் வரவில்லை.

ஒரு மாதம் போனபின்பும் அந்த மெக்கானிக் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒருநாள் மத்தியானம் பின்னட்டை நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தார். மாவுக்கார அக்கா என்று சொன்னதும், “ரெண்டு பேரு நல்லாச் சாப்புடுற வூடா?” என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

“அண்ணே, என்னால ஒங்களுக்கு எதுனா தொந்தரவு ஆச்சா?”

“நான் இப்ப அந்தக் கம்பெனியில இல்லக்கா. பாடாலூர்ல பம்புசெட்டு வேலைக்கு வந்துட்டேன்.”

“என்னாலதான?”

“சேச்சே, ஒங்களால இல்லக்கா” என்றார். அவ்வளவு சீக்கிரமாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“அந்த நம்பரு இன்னும் போன்லதான் இருக்குண்ணே, அழிக்கல. இப்பச் சொன்னா ஒங்களுக்கு ஒதவுமா?” என்று கேட்டுவிட்டேன்.

சத்தம் போட்டுச் சிரித்தார். “அதுக்கு ஆயுசே பத்து நிமிசந்தான்க்கா. அன்னிக்கே செத்துப்போச்சு.”

செத்துப்போனதை வெளியே சொல்லலாம்தான். இதை எழுதும்போது அந்த நாலு எண்ணையும் இங்கே போட்டுவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று போடவில்லை.